பின்கள வீரரின் கடவுச்சீட்டு

ஐக்கிய அரபு அமீரகம்
14 நவம்பர் 2003

அன்புள்ள அக்கா,

இனி ரெலிபோனில் என்னோடு கதைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன். ஏஜென்சிக்காரன் கந்தோர் வேலை என்றுதான் சொன்னான். வந்து பார்த்தால் உதைபந்தாட்டக் கிளப் ஒன்றில் உடுப்புத் தோய்க்கிற வேலை. ராஸ் அல் கைமாவுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சீமெந்துக் கல் அரியும் தொழிற்சாலை. விளையாட்டுக்காரரின் சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டி, பந்துக்குக் காற்று அடித்து, துவாய்களை மடித்து வைக்கிறேன்.

இங்கே ஓத்தார் என்று ஒருவர் இருக்கிறார். ஜோர்ஜியா நாட்டவர். ரஷ்யாவுக்குக் கீழே, மலைகளுக்குள் இருக்கும் சின்ன நாடாம். எல்லாக் கிளப்புகளும் வெளிநாட்டிலிருந்து கோல் அடிப்பவர்களைத்தான் கொண்டுவரும். கோல் விடாமல் தடுக்கப் பின்கள வீரர் எடுத்தது எங்கள் கிளப் மட்டும்தான். அரபுப் பெடியன்கள் அவரை ‘அபூ ஹாயித்’ என்கிறார்கள். சுவரின் தகப்பன் என்று அர்த்தமாம். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து, பார்க்கப் பயமாக இருப்பார்.

முதல் நாள் அவர் என் பெயரைக் கேட்கவில்லை. “அம்மா எங்கே?” என்று அரைகுறை இங்கிலீசில் கேட்டார். கிளிநொச்சி என்றேன். “தனியாகவா?” என்றார். ஓம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் சொல்லி அனுப்பிய ஆள் மாதிரி இருந்தது.

அக்கா, அம்மாதான் என்னைப் போகச் சொன்னார். ஊருக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது. சண்டை இல்லை. நினைத்தால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தம்பி பிரதீஸ்


குதைபியா, மனாமா
20 டிசம்பர் 2003

தம்பி,

ரெலிபோனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு ஏச்சுத்தான் வரும். எழுத்தில் என்றால் நிதானமாய் ஏசலாம்.

ஒரு வெள்ளைக்காரனின் மூக்கைப் பற்றி இவ்வளவு எழுதத் தெரிந்த உனக்கு, புறப்படும் நாளில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அம்மா போகச் சொன்னாராம். பிள்ளை போக ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் எந்தத் தாய் போகாதே என்பாள்? நான் ஏன் வந்தேன்? நீ அம்மாவோடு இருப்பாய் என்ற நம்பிக்கையில் வந்தேன். ஒருவர் வெளியே, ஒருவர் வீட்டில். அதுதானே பேச்சு?

இந்த வீட்டில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாய்க் கிடக்கும் எசமானியின் தாயைப் புரட்டிப் படுக்க வைப்பதும், கழுவுவதும், கஞ்சி ஊட்டுவதும். அந்தக் கிழவிக்கு நான் யாரோ. ஆனால் என் கை பட்டால்தான் வாயைத் திறப்பாள். ஊட்டும்போது ஒவ்வொரு நாளும் உன்னை நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன்.

சமாதானம் என்கிறாய். பார்ப்போம்.

கஜந்தினி


அமீரகம்
9 மார்ச் 2005

அன்புள்ள அக்கா,

சுனாமிக்குப் பிறகு அம்மாவோடு கதைத்தீர்களாம். கடல் கிளிநொச்சிப் பக்கம் வரவில்லை என்று அம்மா சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. நீங்கள் எனக்கு மட்டும் எழுதவில்லை. பரவாயில்லை.

ஓத்தாரின் ஆட்டம் முடிந்துவிட்டது. போன கிழமை நடந்த மச்சில் எதிர்ப்பக்கத்து முன்கள வீரன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, முயல் மாதிரி ஓடுகிறான். இவர் வழக்கம்போல் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் வலப்பக்கம் போவதாகக் காட்டி இடப்பக்கம் திரும்பினான். இவரும் திரும்பினார். முழங்கால் மட்டும் திரும்பவில்லை. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்து கிடந்தபடியே கையை நீட்டி, “பின்னால் போ! பின்னால் போ!” என்று பெடியன்களுக்குக் கத்தினார். தூக்குக்கட்டில் வந்தும் ஏறமாட்டேன் என்றார். கோலும் போய்விட்டது.

அன்று இரவே எங்கள் கோச்சை முதீர் வேலையை விட்டு நிறுத்தினார். முதீர் என்றால் கிளப்பின் நிர்வாகி. எங்கள் எல்லாருடைய விசாவும் அவர் கையில். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஓத்தாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். “இனி ஓடமாட்டாய். கத்தத் தெரியும்தானே? நீயே கோச்சாய் இரு,” என்றார். நான் மாற்றுடுப்புக் கொண்டுபோனபடியால் அங்கேயே நின்றேன். ஓத்தார் சிரித்தார். முதீர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊரில் பதினாறு வயதில் தொடங்கிய ஆட்டமாம். துருக்கி, சைப்ரஸ், ஈரான் எல்லாம் சுற்றி ஒரு கட்டிலில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாயோடு ரெலிபோனில் கதைத்தார். மலையடிவாரத்துக் கிராமம், அப்பிள் தோட்டம், தாய் தனிய. காது சரியாய்க் கேளாத மனுசியாம், இவர் கத்திக் கத்திக் கதைப்பார். முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “மச் வென்றோம்” என்று சொன்னாராம்.

பிரதீஸ்


மனாமா
3 நவம்பர் 2006

தம்பி,

ஒரு வருடத்துக்கு மேல் எழுதவில்லை. எழுத விருப்பமில்லை. இப்போது வேறு யாருக்கு எழுதுவது?

ஆவணியில் சண்டை மறுபடி தொடங்கி, ஊருக்குப் போகும் பாதையை மூடினார்கள். இன்னும் திறக்கவில்லை. திறக்கமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, போய்ச் சேர்ந்த மாதிரியும் இல்லை. பக்கத்து வீட்டு மகேசன் அண்ணை கொழும்பில் உள்ள தன் மருமகனுக்கு எப்படியோ தகவல் அனுப்பினார். அந்த மருமகன் எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னான். அம்மாவின் பிரஷர் மருந்து முடிந்துவிட்டதாம். வேப்பம் பட்டை அவித்துக் குடிக்கிறாராம். முற்றத்தில் பதுங்குகுழி வெட்ட ஆளில்லாமல் மகேசன் அண்ணைதான் வெட்டிக் கொடுத்தாராம். வெட்டியிருக்க வேண்டியவன் நீ.

நினைத்தால் ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று எழுதினாயே. அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழித்திருக்கலாம்.

உன்னை ஏசி என்ன? எனக்கும் போகமுடியாது. நேற்று கிழவிக்கு மருந்து கொடுக்கையில் அவளுக்கு எட்டு வகைக் குளிசை என்பது என் கண்ணில் பட்டது. ஒன்றைத் தரையில் போட்டு மிதித்தேன். பிறகு பயந்துபோய் அதே வகையில் இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

அக்கா


அமீரகம்
18 மே 2007

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிவிட்டேன். ஏசுங்கள். ஆனால் எழுதாமல் இருக்காதீர்கள்.

எங்கள் கிளப் மேல் பிரிவுக்குப் போகிறது. ஓத்தார் செய்த வேலை. ஊன்றுகோலோடு நின்று அந்தப் பெடியன்களுக்குத் தடுக்கப் பழக்கினார். கோல் அடிப்பதைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. “எங்களுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கு. அதுக்குள்ள யாரையும் விடக்கூடாது. யல்லா!” இவ்வளவுதான் அவருடைய அரபு. கடைசி மச்சில் ஒரு கோலும் இல்லாமல் சமன் செய்து மேலே வந்தோம். ஊரே கார் ஹோர்னை அடித்துக்கொண்டு திரிந்தது. அவரைத் தோளில் தூக்கினார்கள். முதீர் கட்டிப்பிடித்து, “நீ எங்கள் ஆள். உன்னை எங்கேயும் விடமாட்டோம்,” என்றார். அன்று எல்லாரும் கைதட்டினோம்.

என்னைக் கந்தோருக்கு மாற்றியிருக்கிறார்கள். விசா வேலைகள், கடிதம் ரைப் அடிப்பது. கடவுச்சீட்டுகள் இருக்கும் இரும்பு அலுமாரிப் பூட்டின் திறப்பும் இப்போது என்னிடம். எல்லாருடையதும் அதற்குள்தான். என்னுடையதும்.

ஓத்தார் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று கேட்பார்: “அம்மா?” தகவல் இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். அவர் வேறொன்றும் கேட்கமாட்டார்.

பிரதீஸ்


அமீரகம்
17 ஆகஸ்ட் 2008

அக்கா,

மனாமாவுக்கு வரும் ஓர் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். அவசரம்.

ஒலிம்பிக் தொடக்க விழாவைக் கிளப் ரீவியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ செய்திக்கு மாற்றினான். ஓத்தார் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனார். ஜோர்ஜியாவுக்குள் ரஷ்ய யுத்த வாகனங்கள் போகிற தெருவை விரலால் தொட்டார். “இது எங்கட பஸ் போற ரோட்டு,” என்றார். அன்றிலிருந்து தாயின் ரெலிபோன் வேலை செய்யவில்லை. அயலவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். காது கேளாத மனுசி, குண்டுச் சத்தம் கேட்டிருக்காது, கூப்பிட்டதும் கேட்டிருக்காது என்று நினைக்கிறார்கள். தாய் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

முதீரிடம் பாஸ்போட் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். முதீர் நல்ல முறையில்தான் சொன்னார்: “அடுத்த மாதம் புதுப் பருவத்தின் முதல் மச். நீ போனால் திரும்பி வரமாட்டாய். சண்டை முடிந்தபிறகு பார்ப்போம். இப்ப பாஸ்போட் மாஃபி. கலாஸ்.” இல்லை, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஓத்தார் கெஞ்சினார். அந்த உடம்பு கெஞ்சுவதைப் பார்க்க ஏலாது அக்கா. பிறகு கத்தினார். கத்தியதற்குச் சம்பளம் வெட்டு என்றார்கள்.

இப்போது பயிற்சி முடிந்ததும் கந்தோர் வாசலில் வந்து குந்துகிறார். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. திறப்பு என் காற்சட்டைப் பொக்கற்றில் இருப்பது அவருக்குத் தெரியும். கேட்டால் நான் முடியாது என்று சொல்லிவிடலாம். கேட்கிறாரில்லை.

நான் என்ன செய்ய? நீங்கள் சொல்லுங்கள்.

பிரதீஸ்


மனாமா
23 ஆகஸ்ட் 2008

தம்பி,

கொடுக்காதே.

கொண்டுவந்தவர் கீழே நிற்கிறார். ஆறுதலாய் எழுத நேரமில்லை. அவன் பாவம்தான். தாய் பாவம்தான். நீ கொடுத்தால் அடுத்த நாளே உன் விசாவை வெட்டுவார்கள். எங்கே அனுப்புவார்கள்? கொழும்புக்கு. உன் அடையாள அட்டையில் என்ன விலாசம் போட்டிருக்கிறது? கிளிநொச்சி. முப்பது வயதுத் தமிழ்ப் பெடியன், கிளிநொச்சி விலாசத்தோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. என்னோடு அறையில் இருப்பவளின் தமையன் வைகாசியில் இறங்கினான். விமான நிலையத்துக்கு வெளியே வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

அங்கே சனம் கிளிநொச்சியை விட்டுக் கிழக்கே போகத் தொடங்கிவிட்டதாம். அம்மா எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறாரோ. மகேசன் அண்ணையின் மருமகனுக்கும் இப்போது தகவல் வருவதில்லை. அம்மாவும் இல்லாமல், நீயும் இல்லாமல், நான் யாருக்காக இந்தக் கிழவியின் பீத்துணி அலசுகிறேன்?

உனக்கு எவ்வளவோ ஏசியிருக்கிறேன். எல்லாவற்றையும் திருப்பி வாங்குகிறேன். அம்மாவை விட்டுப் போனாய் என்று இனி ஒருபோதும் சொல்லமாட்டேன். இது மட்டும் எனக்காகச் செய். திறப்பை முதீரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. வேலை பாரம் என்று சொல்லு. வயிற்று வலி என்று சொல்லு.

காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


கராமா, துபாய்
14 செப்டெம்பர் 2008

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பலமுறை படித்தேன். படித்த பிறகுதான் கொடுத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

திறப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் முதீரின் அறைக்குப் போனேன். நோன்பு தொடங்கிய முதல் நாள். மத்தியானமே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசலில் ஓத்தார் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வழி விட்டார். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும், “அம்மா?” என்று கேட்டார். இத்தனை நடந்தும் என் அம்மாவைக் கேட்டார் அக்கா. நான் தெரியாது என்றேன். “எனக்கும்,” என்றார்.

எனக்கு அம்மாவிடம் போகப் பாதை இல்லை. எந்தத் திறப்புக்கும் அது திறக்காது. அவருக்கு இருக்கிறது, நடுவே இருப்பது ஓர் இரும்பு அலுமாரி மட்டும். அதையும் நான் பூட்டி வைத்திருந்தால் பிறகு என்னால் சோறு தின்ன ஏலாது. திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. “உனக்கு என்ன நடக்கும்?” என்றார். “ஒண்டும் நடக்காது, போங்கோ,” என்று தமிழிலேயே சொன்னேன். விளங்கியிருக்கும். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் கொஞ்சினார். அன்று மாலை விமானம் ஏறிவிட்டார்.

முதீர் என்னை அடிக்கவில்லை. அழுதார். “முதல் மச்சுக்கு என்னிடம் கோச் இல்லை, தெரியுமா?” என்றார். பிறகு விசாவை வெட்டிக் கடவுச்சீட்டைக் கையில் தந்தார்கள். ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். காயல்பட்டினத்து நூஹு பாய் என்பவரின் அறையில் படுக்க இடம் கிடைத்திருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடை. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சி தருகிறார்.

பயமாயிருக்கிறது அக்கா. இரவில் இல்லை, பகலில்தான். விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம்.

பிரதீஸ்


மனாமா
25 செப்டெம்பர் 2008

தம்பி,

கொழும்புக்கு மட்டும் போகாதே. எந்த நாடென்றாலும் போ. களவாய் ஒளிந்திரு. பிச்சை எடு. கொழும்புக்குப் போகாதே.

எசமானியின் காலில் விழுந்து உனக்கு விசா கேட்டேன். பார்க்கலாம் என்றாள். பார்க்கமாட்டாள்.

உன்னோடு கோபிக்க எனக்கு இப்போது பலமில்லை.

அக்கா


ஜோர்ஜியா
11 பெப்ரவரி 2009

அன்புள்ள அக்கா,

ரெலிபோனில் நீங்கள் அழுததில் நான் சொன்ன எதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் ஒழுங்காய் எழுதுகிறேன்.

விசா முடிய நாலு நாள் இருக்கையில் ஓத்தார் நூஹு பாயின் கடைக்கு ரெலிபோன் எடுத்தார். கிளப்பில் யாரிடமோ கெஞ்சி நம்பரை வாங்கியிருக்கிறார். “புறப்பட்டு இங்கே வா. விசாவை நான் பார்க்கிறேன். விமான நிலையத்தில் நிற்பேன்,” என்றார். நின்றார். கறுப்புச் சட்டை போட்டு, தாடி வளர்த்து நின்றார்.

அவருடைய ஊருக்குள் போகவே விடவில்லையாம். வீடும் தோட்டமும் எரிந்துவிட்டதாம். இடம்பெயர்ந்த சனம் இருந்த பள்ளிக்கூடம், பாலர் பள்ளி எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் தெரியாத கிழவி என்று வைத்திருந்தார்களாம். ஒன்பது நாள் பக்கத்தில் இருந்திருக்கிறார். தன்னை மகன் என்று தெரிந்ததோ இல்லையோ, கையை மட்டும் விடவில்லை என்றார். பத்தாம் நாள் அடக்கம் செய்திருக்கிறார்.

ஒப்பந்தத்தை முறித்ததற்காகக் கிளப் வழக்குப் போட்டிருக்கிறது. இனி வளைகுடாவில் எந்தக் கிளப்பும் அவரை எடுக்காது. இங்கே ஒரு சின்னக் கிளப்புக்குக் கோச்சாய் இருக்கிறார். மைதானத்துக் கட்டிடத்தில் அகதிச் சனம் இருக்கிறது. விளையாட்டுக்காரர் உடுப்பு மாற்றுவது பஸ்சுக்குள். எல்லா மச்சிலும் தோற்கிறோம். நான் மறுபடியும் உடுப்புத் தோய்க்கிறேன். தண்ணீர் ஐஸ் மாதிரி, விரல் விறைத்துப் போகிறது. அவரும் வந்து பக்கத்தில் நின்று பிழிந்து தருகிறார்.

வன்னிச் செய்தியை இங்கே யாரும் காட்டுவதில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஆஸ்பத்திரியிலேயே செல் குண்டு விழுகிறதாமே. அம்மாவைப் பற்றி ஏதாவது... எதுவென்றாலும் எழுதுங்கள்.

பிரதீஸ்


மனாமா
4 ஜூன் 2009

தம்பி,

மகேசன் அண்ணை நேற்று ரெலிபோன் எடுத்தார். வவுனியாவிலிருந்து. குரலே அவருடையதாய் இல்லை. அம்மா இருக்கிறார். முகாமில், கூடாரத்துக்குள். காலில் காயம், புழுப் பிடித்து இப்போது மருந்து கட்டுகிறார்களாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பிள்ளை, கொம்மா இருக்கிறா. ஆனா வாறதெண்டா உடன வா.”

உடனே எசமானியிடம் போய்ப் பாஸ்போட் கேட்டேன். கிழவியை யார் பார்ப்பது, ஆள் கிடைக்கட்டும், நோன்பு முடியட்டும் என்றாள். நோன்புக்கு இன்னும் எத்தனை மாதம்! நான் கத்தவில்லை. கிழவியின் அறைக்குப் போய், அவளைக் கழுவி, உடுப்பு மாற்றி, தலை வாரிவிட்டேன். பிறகு எசமானியைக் கூட்டிவந்து அந்தக் கட்டிலில் இருத்தினேன். “உங்கட அம்மாவை நீங்கள் பாருங்கோ. என்ர அம்மாவை நான் பாக்கிறன்,” என்றேன். அரபியில் சொன்னேனா தமிழில் சொன்னேனா தெரியவில்லை. அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பின்னேரம் மகனிடம் பாஸ்போட்டைக் கொடுத்தனுப்பினாள். திரும்பி வர விசா இல்லை என்றும் சொல்லச் சொன்னாளாம்.

நாளை காலை விமானம். முகாமுக்குள் வெளியாட்களை விடுகிறார்கள் இல்லையாம். முட்கம்பிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்கிறார்கள். கம்பி என்றால் கம்பி.

நீ கொடுத்ததை நான் இன்னும் சரியென்று சொல்லமாட்டேன். உன்னை உயிரோடு வைத்திருக்கிற அந்த மனுசனுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. தாய்க்குத் திவசம் வரும் புரட்டாசியில் நீ பக்கத்தில் நில்.

அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டதாம். ஆட்களைத் தெரியாமல் குரலை வைத்துத்தான் யாரென்று சொல்கிறாராம். என்ன நம்பர் என்று எனக்கு நினைவில்லை. உனக்கு நினைவிருக்கலாம், ஆனால் நீ இதைப் படிக்கும்போது நான் அங்கே போய்ச் சேர்ந்திருப்பேன். அதனால் குதைபியாக் கடையில் மூன்று நம்பரில் மூன்று கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். கம்பிக்கு வெளியே நின்றென்றாலும் ஒவ்வொன்றாய்க் கொடுத்துப் போடச் சொல்லுவேன். எதிலாவது என் முகம் தெரியும்.

அக்கா